மழை வருமா என்று யாரிடம் கேட்பது? அரசு வானிலைத் துறையும் தனியார் சேவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் கூடாரம் வாடகைக்கு விடும் குடும்பத் தொழில் எங்களுடையது. கல்யாணம், காதணி விழா, கருமாதி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று வருடம் முழுக்கத் திறந்தவெளியில்தான் பிழைப்பு. சில ஆண்டுகளுக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு திருமண விருந்து. மாலையில் மழைக்கு 10 விழுக்காடு வாய்ப்பு என்று கைப்பேசிச் செயலி காட்டியது. ஆறு மணிக்கு அடித்த காற்றில் மூன்று கூடாரங்கள் சாய்ந்தன. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவனுக்குக் கையில் எலும்பு முறிந்தது. அன்று பிற்பகலிலேயே அரசு வானிலைத் துறையான மெட்மலேசியா இடிமழை எச்சரிக்கை விட்டிருந்தது. எங்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வானிலை பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கூடாரக்காரர்கள், சமையல்காரர்கள், கோயில் செயலவையினர் எல்லாரும் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

செயலி ஒன்று சொல்கிறது, மெட்மலேசியா வேறு சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் உலகம் முழுவதற்குமான கணினிக் கணிப்புகளை எடுத்து நம் ஊர்ப் பெயரைப் போட்டுக் காட்டுகின்றன. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையத்தின் கணிப்பு, பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அமெரிக்க அரசின் உலகக் கணிப்பில் கட்டம் சுமார் 13 கிலோமீட்டர். பினாங்குத் தீவின் பரப்பளவு ஏறக்குறைய 293 சதுர கிலோமீட்டர். 9 கிலோமீட்டர் கட்டத்தில் வைத்தால் முழுத் தீவும் மூன்று நான்கு கட்டங்களுக்குள் முடிந்துவிடும். நடுவில் 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கொடிமலையை அந்தக் கட்டங்கள் ஒரு மேடாகத்தான் காணும். ஜார்ஜ்டவுனில் துணி காயும்போது பாலிக் பூலாவில் கொட்டுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இடிமழை மேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரம். அது எந்தத் தெருவில் இறங்கும் என்று முந்தைய நாளே சொல்ல இன்று யாராலும் முடியாது.

மெட்மலேசியா, அதாவது மலேசிய வானிலை ஆய்வுத் துறை, காலை, பிற்பகல், இரவு என்று பிரித்து ‘ஓரிரு இடங்களில்’, ‘சில இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்று சொல்லும். மழுப்பலான பேச்சு என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது நேர்மையான பேச்சாகவே படுகிறது, தெரிந்த அளவுக்குத்தான் சொல்கிறது. செயலி காட்டும் 10 விழுக்காடும் பொய்யில்லை. அதே போன்ற பத்து நாட்களில் ஒரு நாள் மழை வரும் என்று அர்த்தம். எங்கள் கூடாரம் சாய்ந்தது அந்த ஒரு நாளில்.

ஆக, நாளைக்கு என்ன திட்டம் என்றால் எதைப் பார்த்தாலும் சரி. இன்று மாலை என்ன செய்வது என்றால் எச்சரிக்கையும் ராடார் படமும் மட்டுமே கணக்கு. ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடிய இடிமழை நெருங்கும்போது அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரியும்போது துறை இடிமழை எச்சரிக்கை விடுகிறது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். மைசுவாச்சா செயலியில் இது வரும், இலவசம். பட்டர்வொர்த் ராடார் நம் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இரவில் மலாக்கா நீரிணையில் திரண்டு, விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்குகிற ‘சுமத்ரா’ காற்றுவரிசையைக்கூட ராடாரில் நீளக் கோடாக வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தனியார் செயலிகளுக்குத் தகவல் எங்கிருந்து கிடைக்கிறது?

பெரும்பகுதி அரசுகளிடமிருந்து. நம் பகுதிக்கு மேலே நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முழு வட்டப் படம் எடுக்கும் ஹிமாவாரி துணைக்கோள் ஜப்பானிய வானிலை அமைப்பினுடையது. அந்த வரிசையில் ஹிமாவாரி-9 2022 டிசம்பரில் பொறுப்பேற்றது. அமெரிக்க உலகக் கணிப்பு எவருக்கும் இலவசம். காற்றழுத்தமானி, மழைமானி, வானில் பறக்கவிடும் பலூன் என்று அந்தந்த நாட்டு வரிப்பணத்தில் எடுத்த அளவீடுகள் உலக வானிலை அமைப்பின் வலைப்பின்னலில் கைமாறுகின்றன. 1995இல் அந்த அமைப்பு அடிப்படைத் தரவுகளைக் கட்டணமின்றி, தடையின்றிப் பகிர வேண்டும் என்று தீர்மானித்தது. 2021இல் அதையே விரிவாக்கி ஒருங்கிணைந்த தரவுக் கொள்கையாக்கியது.

காற்றுக்குக் குடியுரிமை கிடையாது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த காற்றழுத்தத் தாழ்வு தென்சீனக் கடலில் பிறந்து கிழக்குக் கரை வழியாக உள்ளே வந்தது. அண்டை நாடு தன் அளவீட்டைப் பூட்டி வைத்தால் நம் கணிப்பு கெடும். நாம் பூட்டினால் அவர்களுடையது கெடும்.

அப்படியென்றால் தனியார் நிறுவனங்கள் அரசு உழைப்பில் சும்மா சம்பாதிக்கின்றனவா?

இல்லை. இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அரிசியை அரசு விளைவித்துக் கொடுத்தது என்பதற்காக நாசி கண்டார் கடைக்காரர் உழைக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

எண்ணெய் மேடைக்குக் கப்பல் எப்போது போகலாம், பாரந்தூக்கியை எந்தக் காற்றில் நிறுத்த வேண்டும், சூரிய மின்பலகைப் பண்ணையில் நாளை எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகச் சொல்ல அரசுத் துறைக்கு ஆளும் இல்லை, அது அதன் வேலையும் இல்லை. அங்கே தனியார் தேவை. இப்போது தனியார் அளவீடும் செய்கிறது. வழிகாட்டித் துணைக்கோள் அலைகள் காற்று மண்டலத்தில் வளைவதை வைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிடும் சிறு துணைக்கோள்களைத் தனியார் ஏவுகிறார்கள், அந்தத் தரவை அமெரிக்க அரசே விலைக்கு வாங்குகிறது. பயணிகள் விமானங்கள் பறந்தபடியே வெப்பமும் காற்றும் அளந்து அனுப்புவதும் பழைய ஏற்பாடுதான். 2020இல் கோவிட் காரணமாக விமானங்கள் தரையில் நின்றபோது அந்த அளவீடுகள் பெருமளவில் குறைந்து, உலக வானிலை அமைப்பே கவலை தெரிவித்தது.

ஆனால் ஒன்று. தனியார் சேவை கடையை மூடினால் கேட்க முடியாது. ‘டார்க் ஸ்கை’ என்று ஒரு செயலி இருந்தது, அடுத்த ஒரு மணி நேர மழையை நிமிடக் கணக்கில் காட்டிப் பெயர் வாங்கியது. 2020 மார்ச்சில் ஆப்பிள் அதை வாங்கியது. சில மாதங்களில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது நின்றுபோனது. அதன் தரவை நம்பி மற்றவர்கள் கட்டிய சேவைகளுக்கும் 2023 மார்ச்சோடு வாசல் அடைக்கப்பட்டது. வாங்கியவர் செய்தது சட்டப்படி சரி. பொது எச்சரிக்கையை இப்படி ஒரு கையில் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

எச்சரிக்கையை யார் வேண்டுமானாலும் விடலாமா?

கணிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. ‘நாளை மழை வரலாம்’ என்பது கணிப்பு. ‘வீட்டைவிட்டு வெளியேறுங்கள்’ என்பது எச்சரிக்கை. முதலாவதில் பல குரல் இருக்கலாம், இருந்தால் நல்லதும்கூட. இரண்டாவதில் இரண்டு குரல் வந்தால் ஆட்கள் நின்றுவிடுவார்கள். நிற்கும் பத்து நிமிடத்தில் தண்ணீர் படியேறிவிடும்.

ஜப்பானின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. 1993இல் சட்டத்தைத் திருத்தி, அரசுத் தேர்வெழுதிச் சான்று பெற்ற கணிப்பாளர்களை வைத்துத் தனியார் நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கணிப்பு சொல்ல வழி திறந்தார்கள். எச்சரிக்கை மட்டும் அரசு வானிலை அமைப்பிடமே நின்றது, மற்றவர்கள் விடுவதற்குச் சட்டத்தில் தடை. திறக்க வேண்டியதைத் திறந்து, பூட்ட வேண்டியதைப் பூட்டினார்கள்.

நம் பக்கம் இதைக் கெடுப்பது நிறுவனங்களைவிட நம் கைகள்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஜூலையும் ‘அபிலியன்’ செய்தி புலனத்தில் வரும். பூமி சூரியனைவிட்டு மிகத் தூரம் போகிறதாம், குளிர் தாக்குமாம், காய்ச்சல் வருமாம். அந்தத் தூர வேறுபாடு மூன்று விழுக்காடு அளவுதான், அது ஆண்டுதோறும் நடப்பது. வெயில் காலத்தில் ‘சம இரவு பகல்’ வெப்ப அலை என்று இன்னொன்று. துறை ஒவ்வொரு முறையும் மறுக்கிறது, நாம் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறோம். அக்கறையில்தான் அனுப்புகிறோம், தெரியும். ஆனால் பத்துப் பொய் எச்சரிக்கை பார்த்த அம்மாவுக்குப் பதினொன்றாவதாக வரும் உண்மை எச்சரிக்கையும் அதே போலத்தான் தெரியும்.

அரசு எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் தனியார் எப்படிப் பிழைப்பார்கள்?

இந்தச் சண்டை நீதிமன்றம்வரை போனது ஜெர்மனியில். அங்குள்ள அரசு வானிலைச் சேவை 2015இல் எச்சரிக்கைச் செயலி ஒன்றை விளம்பரமில்லாமல் இலவசமாக வெளியிட்டது. அதில் சாதாரண கணிப்பும் இருந்தது. விளம்பரத்தில் வாழும் தனியார் நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எச்சரிக்கை இலவசமாகவே இருக்கலாம், பொதுவான வானிலைத் தகவலை இலவசமாகக் கொடுப்பது அரசுக்குக் கொடுத்த அதிகாரத்தை மீறியது. கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2017 இறுதியிலேயே எச்சரிக்கை மட்டும் இலவசமாகி, முழுச் செயலிக்குச் சுமார் இரண்டு யூரோ ஒரு முறைக் கட்டணம் வந்திருந்தது.

அமெரிக்காவில் 2005இல் செனட்டர் ரிக் சாண்டோரம் கொண்டுவந்த மசோதா இன்னும் ஒரு படி மேலே போனது. தனியார் கொடுக்கக்கூடிய சேவையை அரசு வானிலைச் சேவை கொடுக்கவே கூடாது என்றது அது. நிறைவேறவில்லை.

என் கருத்து நேரானது. வரிப்பணத்தில் எடுத்த கணிப்பை மக்கள் பார்க்க இரண்டாவது முறை காசு கேட்பது நியாயமில்லை. ஜெர்மனித் தீர்ப்பு அவர்கள் சட்டத்தை வாசித்துச் சொன்னது, அதில் குறை சொல்ல எனக்கு அறிவில்லை. அந்தச் சட்டத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்று மட்டும் சொல்வேன். மீனவர், தோட்ட வேலையாள், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை வியாபாரி இவர்களுக்கு அன்றாடக் கணிப்பே எச்சரிக்கைதான். காலை எட்டு மணிக்கு ‘பிற்பகலில் பெரும்பாலான இடங்களில் இடிமழை’ என்று படித்தால் அவர்கள் அன்றைய முதலீட்டைக் குறைத்துக்கொள்வார்கள். தனியார் பிழைக்க வேண்டிய இடம் அதற்கு மேலே இருக்கிறது, போதுமான அகலமாகவே இருக்கிறது.

வானிலைத் துறையையே நிறுவனமாக்கி லாபத்தில் ஓட்டினால் என்ன?

நியூசிலாந்து செய்து பார்த்தது. 1992இல் கணிப்புச் சேவையை அரசுக்குச் சொந்தமான வணிக நிறுவனமாக்கினார்கள். அதே ஆண்டில் தண்ணீர், காற்று ஆய்வுக்கு இன்னொரு அரசு ஆய்வகம். நாளடைவில் இரண்டும் கணிப்பு சொல்லத் தொடங்கி, ஒரே அரசின் இரண்டு பிள்ளைகள் ஒரே கடைத்தெருவில் போட்டி போட்டன. தரவை மற்றவர்கள் பெறுவது கடினம் என்ற புகார் நீண்டகாலம் இருந்தது. 2023 ஜனவரியில் ஆக்லாந்து வெள்ளம், அடுத்த மாதமே கேப்ரியல் புயல். 2024இல் இரண்டையும் ஒன்றாக இணைக்க அரசு முடிவு செய்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் எடுத்தது.

லாபக் கணக்கு வைத்தால் துறை முதலில் எதை வெட்டும் என்று யோசியுங்கள். யாரும் காசு கொடுக்காத வேலையை. அதில் முதலாவது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

யாருமே காசு கொடுக்காத வேலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 8.58க்குச் சுமத்ரா கடலடியில் நிலநடுக்கம். பினாங்கில் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் அதிர்வை உணர்ந்து கீழே ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனார்கள். அலை வந்தது பகல் ஒரு மணிக்கு மேல். விடுமுறை நாள், பத்து ஃபிரிங்கி முதல் தெற்கே பூலாவ் பெத்தோங்வரை கடற்கரையில் குடும்பங்கள். பினாங்கில் மட்டும் 52 பேர் இறந்தார்கள், நாட்டில் 68 பேர்.

நடுவில் நான்கு மணி நேரம் இருந்தது. எங்கள் அப்பா இதைச் சொல்லும்போது நான்கு விரலை நிமிர்த்திக் காட்டுவார். செய்தி கடத்தும் கடமை யாருக்கும் இல்லாமல் அந்த நேரம் கழிந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. பிறகுதான் மெட்மலேசியாவில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் உட்கார்ந்து, பல தலைமுறைக்கு ஒரு முறை வரும் ஒன்றுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு மாதச் சந்தா கட்டுகிற வாடிக்கையாளர் உண்டா? கடற்கரை விடுதி கட்டலாம். பூலாவ் பெத்தோங் மீனவர் கட்டுவாரா? கட்டாதவர் கரையில் நிற்கும்போது செய்தியை மறைக்கத்தான் முடியுமா? எனவே இது பொதுப் பணத்தில், பொதுப் பொறுப்பில்தான் இருக்க முடியும்.

நம் நாட்டில் அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் உதாரணம் இருக்கிறதா?

இரண்டு சொல்கிறேன். ஒன்று நன்றாக வேலை செய்வது, இன்னொன்று பாடம் சொல்வது.

கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர், 2007இல் திறந்தது. நடுப்பகுதியில் சாதாரண நாளில் கார்கள் சுங்கம் கட்டிப் போகும், அது தனியார் பக்கம். கனமழையில் கிள்ளான் ஆற்று வெள்ளத்தை நகர மையத்தைச் சுற்றித் திருப்பிவிட வேண்டும், அது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பக்கம். முதலில் அடித்தளத்தில் மட்டும் நீர் போகும், மேலே வண்டிகள் ஓடும். மழை முற்றினால் வண்டிகளை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து முழுச் சுரங்கத்தையும் வெள்ளத்துக்குக் கொடுப்பார்கள். சாலையை மூடும் நேரத்தில் சுங்க வருமானம் போகிறது, ஆனால் வெள்ளத்தைத் திருப்பும் முடிவு அரசுக் கட்டுப்பாட்டு மையத்தில் ஆற்று நீர்மட்டத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. நகர மையத்தில் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் தேடும் சமநிலை இந்தக் கதவில் இருக்கிறது. தனியார் சம்பாதிக்கட்டும், கதவின் சாவி பொதுவிடம் இருக்கட்டும்.

மற்றது புகைமூட்டம். காற்றுத் தரத்தை அளக்கும் நிலையங்களை 1990களின் நடுவிலிருந்து சுற்றுச்சூழல் துறைக்காகத் தனியார் நிறுவனம் நடத்தி வருகிறது. அளவீட்டில் தனியார் இருந்தது பிரச்சினையில்லை. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. 1997 பெரும் புகைமூட்டத்துக்குப் பிறகு, சுற்றுலா கெடும் என்ற அச்சத்தில், காற்று மாசுக் குறியீட்டு எண்ணை அரசு பல ஆண்டுகள் மக்களுக்கு வெளியிடவில்லை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகை அடர்ந்தபோதுதான் எண் மீண்டும் வெளியே வந்தது. இன்று மணிக்கு மணி பார்க்கிறோம், அதை வைத்துப் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள்.

அரசிடம் இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். அரசும் மறைக்கும். அரசிடம் இருப்பது வேறு, மக்களுக்குத் திறந்திருப்பது வேறு. இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும்.

மெட்மலேசியாவின் தரவு நமக்குக் கிடைக்குமா? எங்கள் பையன் செயலி எழுதக் கற்கிறான்.

கிடைக்கும். அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா டாட் கவ் டாட் எம்ஒய்யில் ஏழு நாள் கணிப்பும் எச்சரிக்கைகளும் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஆற்று நீர்மட்டத்துக்கும் மழை அளவுக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் பக்கம். அதில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தைக் குறித்து வையுங்கள்.

பழைய மழைப் பதிவுகளுக்கு விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. அதையும் திறந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ராடாரைப் படமாக மட்டும் காட்டாமல் எண்ணாகவும் கொடுத்தால், நம் பிள்ளைகள் ‘உங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) இருபது நிமிடத்தில் மழை’ என்று சொல்லும் செயலியைத் தாங்களே எழுதிவிடுவார்கள். அமெரிக்கா லேண்ட்சாட் துணைக்கோள் படங்களை விலைபோட்டு விற்ற காலத்தில் ஒரு படம் ஆயிரக்கணக்கான டாலர், வாங்கியவர்கள் கொஞ்சப் பேர். 2008இல் இலவசமாக்கிய பிறகு பயன்பாடு பல மடங்கு பெருகியது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி அரசுத் துறை எதற்கு?

2023இல் ஹுவாவேயின் ‘பாங்கு-வெதர்’, கூகுளின் ‘கிராஃப்காஸ்ட்’ ஆகிய நுண்ணறிவுக் கணிப்புகள் பத்து நாள் கணிப்பைச் சில நிமிடத்தில், பெரிய மீக்கணினி இல்லாமலே கொடுத்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தன. பல அளவுகோல்களில் ஐரோப்பிய மையத்தின் பழைய முறையை முந்தின. உண்மையான சாதனை.

அவை எதைப் படித்துக் கற்றன? அதே ஐரோப்பிய மையம் பல பத்தாண்டு அளவீடுகளைத் தொகுத்து உருவாக்கி இலவசமாக வைத்த ‘ஈரா-5’ என்ற பழைய வானிலைத் தொகுப்பை. ஒவ்வொரு நாளும் கணிப்பைத் தொடங்க இன்றைய நிலவரம் வேண்டும், அதுவும் பொது அளவீடுகளிலிருந்துதான் வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்த மையமே தன் சொந்த நுண்ணறிவுக் கணிப்பைப் பணியில் இறக்கிவிட்டது. தனியார் வழி காட்டியது, பொது அமைப்பு பின்தொடர்ந்தது, இருவருக்கும் அடித்தளம் ஒன்று. மழைமானியைப் பிடுங்கிவிட்டு மூளையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

விமான நிலையத்தில் யார் சொல்வதைக் கேட்கிறார்கள்?

அனைத்துலக விமானப் போக்குவரத்து விதிப்படி ஒவ்வொரு நாடும் ஒரு வானிலை அதிகாரத்தை நியமிக்க வேண்டும். நமக்கு அது மெட்மலேசியா. விமான நிறுவனங்கள் கூடுதலாகத் தனியார் சேவை வாங்கிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை தமிழில் வருவதில்லையே?

என் மனத்தை அதிகம் உறுத்துவது இந்தக் கேள்வி. துறையின் எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. மின்னல் பண்பலை வானொலியிலும் தமிழ்ச் செய்தியிலும் வானிலை சொல்கிறார்கள், ஆனால் இடிமழை எச்சரிக்கை ஆறு மணி நேரச் சரக்கு, அடுத்த செய்தி நேரத்துக்குள் பாதி காலாவதியாகிவிடும். நம் பிள்ளைகளுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. வீட்டில் தனியாக இருக்கும் ஆயாவுக்கு? ‘வஸ்பாடா’ (விழிப்பு), ‘புரோக்’ (மோசம்), ‘பஹாயா’ (ஆபத்து) என்ற மூன்று எச்சரிக்கை நிலையில் எது மோசம் என்று எங்கள் பாட்டியிடம் கேட்டபோது அவர் நிறத்தை வைத்துச் சொன்னார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அதுவாவது தெரிந்ததே என்று இருந்தது.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரையில் ஏறி நின்றார்கள். அந்தப் பருவ வெள்ளங்களின் மொத்த இழப்பை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. வானத்தில் என்ன நடக்கிறது என்பதோடு வேலை முடிவதில்லை. ‘உங்கள் சந்தில் தண்ணீர் எத்தனை மணிக்கு, இடுப்பு வரையா முழங்கால் வரையா’ என்று ஆயாவுக்குப் புரியும் சொல்லில் போய்ச் சேர வேண்டும். இந்தக் கடைசி மைலில் அரசும் வருவதில்லை, தனியாரும் வருவதில்லை, சந்தை சிறியது. நாம் வரலாம். எங்கள் பக்கத்தில் இப்போது மூன்று பேர் முறை வைத்து, எச்சரிக்கை வந்ததும் நேரத்தோடு, நிறத்தோடு, தமிழில் குரல் பதிவு அனுப்புகிறோம். துறையின் மூல அறிவிப்பை அதோடு சேர்த்தே அனுப்புகிறோம். எங்கள் சொந்தக் கணிப்பு ஒரு சொல்கூட அதில் சேராது, அது விதி. துறை இதைத் தானே செய்யத் தொடங்கினால் மறுநாளே நிறுத்திக்கொள்வோம்.

எங்கள் தொழிலுக்குத் தனியார் வானிலைச் சேவை வாங்கலாமா?

சமையலும் கூடாரமும் செய்யும் சிறு தொழிலுக்குத் தேவையில்லை. இலவசமாகக் கிடைப்பதை ஒழுங்காகப் பார்த்தாலே முக்கால்வாசி காரியம் ஆகிவிடும். பெரிய மேடை, உயரமான ஒலிபெருக்கிக் கோபுரம், ஆயிரக்கணக்கில் ஆட்கள் என்றால் வாங்குங்கள். வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: நம் நாட்டு ராடாரைப் பயன்படுத்துகிறார்களா, போன வருடம் சொன்னதும் நடந்ததும் எவ்வளவு ஒத்துப்போனது என்று எழுத்தில் காட்டுவார்களா, ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசியை யார் எடுப்பார். உலகக் கணிப்பை வண்ணம் பூசி விற்பவர்கள் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்கள்.

எச்சரிக்கையைப் பார்த்துக் கூடாரத்தை இறக்கினோம், மழை வரவில்லை. நட்டம் யாருக்கு?

இதில் நாங்கள் நிறையப் பட்டுவிட்டோம். இப்போது எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு மெட்மலேசியாவின் இடிமழை எச்சரிக்கை அமலில் இருக்கும் நேரத்தில் கூடாரத்தை இறக்கவோ, விருந்தினரை உள்ளே அனுப்பவோ இரு தரப்புக்கும் உரிமை உண்டு, அதற்காக வாடகையில் பிடித்தமும் இல்லை, அபராதமும் இல்லை. எந்தச் செயலியின் விழுக்காடும் இதில் கணக்கில்லை. செயலிகளைக் குறைவாக நினைத்து எழுதியதல்ல. சச்சரவு வந்தால் இரு தரப்பும் தலைவணங்கும் ஒரே குரல் வேண்டும், அந்தக் குரல் எங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த வரியை இதுவரை இரண்டு முறை பயன்படுத்தினோம். ஒரு முறை காற்று வந்தது, கம்பிகள் தரையில் இருந்தன. இன்னொரு முறை நிலா காய்ந்தது. கல்யாண வீட்டுப் பெரியவர் வானத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார், பிறகு முழு வாடகையையும் எண்ணிக் கொடுத்தார்.